தேமல் பிடித்த காடு

தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குக் கூடப் பொறந்த தம்பி உண்டுங்களா? அக்கா மட்டுந்தானா? அப்ப நீங்க குடுத்து வெச்சவருங்க. எனக்கு ஒருத்தன் இருக்கறான். அர்த்தநாரின்னு பேரு. திருச்செங்கோட்டு மலைக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்ததால அந்தப் பேரு. எனக்கு மீசை மொளைச்சப்ப அவன் தொட்டில்ல கெடந்தான். நான் தூக்கி வளத்தவன். அவனாலதான் இன்னைக்கு எங்கூர்ல எனக்கு மரியாதை இல்லாமப் போச்சு. நீங்க வெளியூர்க்காரரு, ரெண்டு பக்கத்துக்கும் பொதுவானவரு. கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க. பஸ்ஸு ராசிபுரம் போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்குது.

எங்கூரு நாமகிரிப்பேட்டைக்கு அந்தாண்ட. எந்தப் பக்கம் திரும்பினாலும் மரவள்ளிதான். நாங்க குச்சிக்கிழங்கும்போம். கிழங்கை ஜவ்வரிசி மில்லுக்குப் போட்டுட்டு, செடித் தண்டைத் துண்டு துண்டா நறுக்கி அடுத்த வருசத்துக்கு நட்டுக்குவோம். வெதைன்னு தனியா ஒண்ணு கெடையாது, குச்சிதான் வெதை. எங்கப்பன் செத்தப்ப காட்டை ரெண்டாப் பிரிச்சோம். மேக்கால பாதி எனக்கு. கெழக்கால பாதி அவனுக்கு. கெணறு என் பாதியில. முறை வெச்சு அவனுக்குத் தண்ணி விடுவேன். ஒரு நாள் குறைச்சதில்ல. மூத்தவன்கறதால மாரியம்மன் கோயில் நோம்பு, திருவிழான்னு வெச்சுக்குங்க, அதுக்குப் பரிவட்டம் எனக்குக் கட்டுவாங்க. எல்லாம் ஒழுங்காத்தான் போயிட்டு இருந்துது.

அப்பறந்தான் தேமல் வந்துது. மனுசன் தோல்ல வருமில்ல, அதே மாதிரி எலையில வரும். மஞ்சளும் பச்சையுமா திட்டுத் திட்டா. எலை சுருங்கிக் கோணிக்கும். கிழங்கு வெரல் தண்டிதான் வெக்கும். மில்லுல பாயிண்டு புடிச்சுப் பாப்பாங்க, எத்தனை மாவு இருக்குதுன்னு. தேமல் காட்டுக் கிழங்குக்குப் பாயிண்டே நிக்காது. ஓரமாக் கொட்டுய்யான்னுடுவாங்க.

எனக்கு அது புதுசில்லீங்க. என் காட்டுல நாலஞ்சு வருசமாவே இருந்துது. கொஞ்சம் கொஞ்சமா இருந்துது. நான் பெருசு பண்ணல. அதே செடியில குச்சி எடுத்து வெப்பேன், எங்கப்பன் வெச்ச மாதிரியே. எலை மஞ்சளாச்சுன்னா ரெண்டு கை யூரியா சேத்துப் போடுவேன். நம்ம வீட்டு வியாதியை ஊருக்கா சொல்லுவாங்க?

வேளாண்மை ஆபீசுக்குப் புதுசா ஒரு புள்ள வந்துது. எஸ்தர்னு பேரு. கன்னியாகுமரிப் பக்கம். ஸ்கூட்டியில வரும். மொதல்ல என் காட்டுக்குத்தான் வந்துது, ரோட்டோரமாச்சே. உள்ள ரெண்டு வரிசை நடந்துது. எலையைத் திருப்பிப் பாத்துது. "ஐயா, பாதிக்கு மேல தேமல் இருக்கு. இந்தக் குச்சியை இனிமே வைக்காதீங்க. நோய்ச் செடியை எல்லாம் இப்பவே பிடுங்கிப் பொதைச்சிருங்க"ன்னுது. எடுத்த எடுப்புல. ஒரு வாய் டீ குடிக்கல. நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேக்கல.

"என்ன மருந்து அடிக்கோணும், அதைச் சொல்லும்மா"ன்னேன்.

"மருந்து இல்லீங்கய்யா. இது வைரஸ். செடிக்குள்ள போனதுக்கப்பறம் எதுவும் கேக்காது. பரப்பற வெள்ளை ஈயைத் தடுக்கலாம். சுத்தமான குச்சியா பாத்து நடலாம். வந்த செடியை உடனே எடுக்கலாம். அவ்வளவுதான்."

"மருந்தே இல்லாத வியாதிக்கு எதுக்கும்மா ஒரு ஆபீசு?"ன்னு கேட்டுட்டேன். கேட்டதுல தப்பிருக்குதுங்களா? அந்தப் புள்ள சிரிச்சுக்கிட்டே வரப்பைத் தாண்டி அவன் காட்டுக்குப் போச்சு. அன்னைக்குப் புடிச்சுதுங்க சனி.

அவன் இருக்கறானே, அது சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினான். எங்கப்பன் காலத்துக் குச்சியை அப்படியே தூக்கிப் போட்டுட்டு, அது ஆராய்ச்சிப் பண்ணையில இருந்து வாங்கிக் குடுத்த குச்சியை நட்டான். காட்டைச் சுத்தி மக்காச்சோளம் போட்டான், ஈயை மறிக்குமாம். மஞ்சத் தகட்டுல ஆமணக்கெண்ணெய் தடவி அங்கங்க தொங்க விட்டான், ஈ வந்து ஒட்டிக்குமாம். காட்டைப் பாத்தா தேர்த்திருவிழாக் கடை மாதிரி இருந்துது. விடிஞ்சதும் புருசனும் பொண்டாட்டியும் வரிசை வரிசையாப் போயி எலை எலையாத் திருப்பிப் பாப்பாங்க. அவன் பொண்டாட்டி கலாமணி அப்ப முழுகாம இருந்தா. அந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு அவளும் குனிஞ்சு குனிஞ்சு பாப்பா. தேமல் செடி ஒண்ணு கண்ணுல பட்டாப் போதும், பிடுங்கிக் குழியில போட்டு மூடிருவான். நட்டவனே பிடுங்கறான். பாத்துப் பாத்துச் சிரிச்சேன் நான்.

சிரிக்க முடியாத ஒரு விசயமும் இருந்துது. அதைச் சொல்றேன் கேளுங்க. அவன் காட்டுல மொத மொத எந்த வரிசை மஞ்சளாச்சு தெரியுங்களா? என் வரப்பை ஒட்டின வரிசை. ஆனி மாசம் மேகாத்து என் காட்டு மேல பாஞ்சு அவன் காட்டுக்குள்ள போகும். அந்த ஓரத்துலதான் நோய். நடுக்காட்டுல இல்ல. கெழக்கோரத்துல இல்ல. என் பக்கம் மட்டும். அவன் புத்தியப் பாத்தீங்களா? நோயைக் கொண்டாந்து என் ஓரமா வெச்சிருக்கறான்!

வெச்சதும் இல்லாம என்கிட்டயே வந்து கேக்கறான். "அண்ணா, ஈ உங்க காட்டுல இருந்துதான் வருது. எல்லாம் வேண்டாம், அந்த ஓரத்துல நாலு வரிசையை மட்டும் பிடுங்கிட்டீங்கன்னா போதும். நானே ஆளு விட்டுப் பிடுங்கித் தர்றேன்"கறான்.

"ஏண்டா, ஈக்கு உன் காடு என் காடுன்னு தெரியுமாடா?"

"தெரியாதுங்ண்ணா. அதனாலதான் கேக்கறேன்"னான்.

எதுத்துப் பேசறதுன்னா இப்படித்தானுங்க. சத்தமே போடமாட்டான். ஆனா பேசறது சுருக்குன்னு இருக்கும். அன்னையில இருந்து நான் அவனோட பேசல.

ஆவணி மாசம் அந்தப் புள்ள ஊர்ச்சனத்தையெல்லாம் கூட்டி அவன் காட்டுல கூட்டம் போட்டுது. என் காட்டுல இல்ல, அவன் காட்டுல. பிளாஸ்டிக் நாற்காலி நாலு கெடந்துது. மில்லுக்காரருக்கு ஒண்ணு, ஆபீசருங்களுக்கு ரெண்டு. நாலாவது எனக்குன்னு நெனைச்சுக்கிட்டுப் போனேன். அதுல அர்த்தநாரியை உக்கார வெச்சுட்டாங்க. அவன் எந்திரிக்கத்தான் பாத்தான், "நீங்க உக்காருங்க, உங்க காடு"ன்னு அந்தப் புள்ள தோளப் புடிச்சு அமுத்திருச்சு. நான் சனத்தோட சனமா நிக்கறேன். பரிவட்டம் கட்டற தலை, வெயில்ல நிக்குது. இவன் நாற்காலியில உக்காந்திருக்கறான்.

அந்தப் புள்ள பேசுச்சு. என்ன பேசுச்சு தெரியுங்களா? செடிக்கு ரத்தம் கெடையாது, வெள்ளை அணு கெடையாது, ஆனா நோயை எதுத்து நிக்குதாம். வைரஸ் உள்ள வந்துதுன்னா அதை அடையாளம் கண்டுக்கிட்டு துண்டு துண்டா நறுக்கிப் போட்டுருமாம், செடிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கத்தரிக்கோல் இருக்குதுன்னு வெச்சுக்குங்கங்குது. எல்லாச் செடியாலயும் ஜெயிக்க முடியாதாம். வைரஸ் அந்தக் கத்தரிக்கோலையே மழுக்கிப் போடுமாம். சில செடி மட்டும் ஜெயிச்சிருமாம். அப்படி ஜெயிச்ச செடியில கீழ் எலையில தேமல் இருக்கும், மேல வர்ற கொழுந்து சுத்தமா வரும்னு சொல்லி, அர்த்தநாரி காட்டுல அந்த மாதிரிச் செடியைக் காட்டுச்சு. ஒவ்வொண்ணுக்கும் செவப்புத் துணி கட்டியிருந்துது. "இது உங்க ஊருக்குக் கெடைச்ச சொத்து. இந்தத் தண்டை எடுத்து, சோதிச்சுப் பாத்து, பெருக்கி, ரெண்டு மூணு வருசத்துல எல்லாருக்கும் தர்றோம்"னுது. சனமெல்லாம் கை தட்டுது. மில்லுக்காரரு எந்திரிச்சு வந்து அர்த்தநாரி கையப் புடிச்சுக் குலுக்கறாரு.

நானும் நாப்பது வருசமாக் குச்சி வெட்டறேன். ஒண்ணுலகூட கத்தரிக்கோலைப் பாத்ததில்லீங்க.

அதுக்கப்பறம் எனக்குச் சோறு எறங்கல. பொறாமைன்னு நெனைக்காதீங்க. ஊருக்காகத்தான். நோயை ஒருத்தன் காட்டுல வெச்சு, துணி கட்டிக் கும்பிடறாங்கன்னா அது ஊருக்கு ஆகுமா? அந்தப் புள்ளயே சொல்லியிருக்குது, நோய்ச் செடியைப் பிடுங்கிப் போடோணும்னு. நான் புதுசா என்ன சொல்லப் போறேன்? டீக்கடையில உக்காந்து ஒவ்வொருத்தன்கிட்டயும் பேசினேன். "செவப்புத் துணி எதுக்குடா கட்டுவாங்க? ரயில் ரோட்டுல எதுக்குக் கட்டறாங்க? ஆபத்துக்குத்தானே? அந்தச் செடியில இருந்துதான் ஊருக்கே நோய் பரவுது. அந்தப் பொம்பள நம்ம ஊரை வெச்சு என்னமோ பரிச்சை பாக்குது"ன்னேன். அது நல்ல செடின்னு அந்தப் புள்ள சொன்னதை மறந்துட்டீங்களான்னு ஒருத்தன் கேட்டான். மறக்கல. நம்பினாத்தானே? ரெண்டு காட்டுக்காரனுக்கு அந்த வருசம் தேமல் சாஸ்தியா இருந்துது. எரிஞ்சுக்கிட்டு இருந்தாங்க. என்னோட சேந்துக்கிட்டாங்க.

புரட்டாசியில கலாமணிக்கு வலி வந்துருச்சு. அர்த்தநாரி அவளை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ராசிபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டான். ஆளில்லாத நாளாப் பாத்தேன்னு இன்னைக்குச் சொல்றாங்க. ஆமா, பாத்தேன். அவன் நல்லதுக்குத்தானுங்க. தான் நட்ட செடியைக் கண்ணு முன்னால பிடுங்கினா மனசு தாங்குமா அவனுக்கு? தூக்கி வளத்தவனுக்குத் தெரியாதா அவன் மனசு?

ஆளுகளைக் கூட்டிக்கிட்டு அவன் காட்டுக்குப் போயி ஆரம்பிச்சோம். செடி நெஞ்சு மட்டத்துக்கு வந்திருந்துது. கிழங்கு அப்பத்தான் பருக்குது. பிடுங்கறப்ப ஒவ்வொண்ணும் தடிமனா வருது, வெள்ளை வெள்ளையா. பழனியாயின்னு ஒரு பொம்பள, கூலிக்கு வந்தவ, ஒரு செடியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. "ஏனுங் மாமா, இது நல்லா இருக்குதே. கொழுந்தெல்லாம் எத்தனை சுத்தமா இருக்குது பாருங்க"ங்கறா. "கீழ் எலையப் பாருடி. அதுல தேமல் இருக்குதா இல்லியா? அப்பப் பிடுங்கு"ன்னேன். "செவப்புத் துணி கட்டியிருக்குதுங்களே"ங்கறா. "அதைத்தான் மொதல்ல பிடுங்கோணும்"னேன். அவ பிடுங்கல. வீட்டுக்குப் போயிட்டா. நானே பிடுங்கினேன். சும்மா சொல்லக் கூடாது, வேரு அத்தனை ஆழமா போயிருந்துது.

எல்லாத்தையும் குவிச்சு, சோளத் தட்டையைப் போட்டு நெருப்பு வெச்சோம். பச்சைத் தண்டு, சீக்கிரம் புடிக்கல. பொகைஞ்சுக்கிட்டே கெடந்துது.

ஆடு விசயத்துக்கும் என்னையத்தான் சொல்றாங்க. கலாமணி ஆடு வளத்தா. தாயும் குட்டியுமா ஒரு பட்டி. சீமந்தத்துக்கு அவ அண்ணன் புடிச்சு விட்டது. காலையில இருந்து அதுகளைப் பாக்க ஆளில்ல, தண்ணி வெக்க ஆளில்ல. பசியில கத்துதுங்க. எனக்கு மனசு கேக்கல. பாவம் பாத்து அவுத்து விட்டேன். அதுக நேராப் போயி, குவியல்ல சேக்காம வாடிக் கெடந்த தழையில வாய வெச்சுருச்சுக. குச்சிக்கிழங்குத் தழை ஆட்டுக்கு ஆகாதுங்க, வெசம், அதுவும் வாடின தழைன்னா சொல்லவே வேண்டாம். எனக்குத் தெரியும். ஆட்டுக்குத் தெரிய வேண்டாமா? வாயில நொரை தள்ளி, காலை ஒதைச்சுக்கிட்டு, ஒண்ணொண்ணா வுழுந்துதுக. அந்தக் குட்டிங்க தாய் மேலயே வுழுந்து கெடந்துதுக. நான் என்னங்க பண்ண முடியும்? நல்லது செய்யப் போயி வந்த வெனை.

பொழுது சாயறப்ப அர்த்தநாரி வந்தான். கையில சக்கரைப் பொட்டலம். பொம்பளப் புள்ள பொறந்திருக்குதுன்னு எனக்குத்தான் மொதல்ல சொல்ல வந்தானாம். பேசாம இருந்தும் எனக்குத்தான் மொதல்ல. ரோட்டுல நின்னு காட்டைப் பாத்தான். வெறும் மண்ணு. பொகை. ஆடு கெடக்குது. அவன் சத்தம் போடுவான், அடிக்க வருவான்னு நெனைச்சு நாங்க எல்லாம் தயாரா நின்னோம். ஒண்ணுமில்ல. சக்கரைப் பொட்டலத்தை வரப்பு மேல வெச்சுட்டு, நேரா அந்தக் குவியலுக்குப் போயி கையை உள்ள உட்டான். உள்ள கங்கு கனிஞ்சுக்கிட்டு இருக்குது. செவப்புத் துணி கட்டின தண்டாத் தேடித் தேடி உருவறான். கை பொசுங்குது, விடமாட்டேங்கறான். பாதி எரிஞ்சது, கருகினதுன்னு ஒரு அரைக் கட்டுத் தேறுச்சு. அதை ஈரச் சாக்குல சுத்தி மாரோட அணைச்சுக்கிட்டு எந்திரிச்சான். என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டான்.

"அண்ணா, உங்க காட்டை எப்பப் பிடுங்கறீங்க?"

எகத்தாளத்தைப் பாத்தீங்களா? அந்த நேரத்துலயும் எகத்தாளம். அப்படியும் நான் மனசு கேக்காம, என் பொண்டாட்டி பாவாயிகிட்ட தேங்காயெண்ணெய் குடுத்து அனுப்பினேன், கைக்குப் போடுன்னு. திருப்பி அனுப்பிட்டான்.

அடுத்த நாள் அந்த எஸ்தர் புள்ள வந்துது. தண்டு எடுத்துப் போக ஆராய்ச்சிப் பண்ணையில இருந்து ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்துது. காட்டைப் பாத்துட்டு வரப்புலயே உக்காந்துருச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு எந்திரிச்சு என்கிட்ட வந்து, "நீங்க பிடுங்கினது நோய் இல்லீங்கய்யா, நோயை ஜெயிச்ச செடி. நோய் இருக்கறது உங்க காட்டுல. ஊருக்கே உங்க காட்டுல இருந்துதான் போகுது"ன்னுது. ஊரு முன்னால. என் மூஞ்சிக்கு நேரா. நான் விடுவனா? எங்க பங்காளி ஒருத்தரு கட்சியில இருக்கறாரு. அவரு மேல பேசினாரு. அடுத்த ஆடி மாசத்துக்குள்ள அந்தப் புள்ளைய எங்கியோ ஆராய்ச்சி நிலையத்துக்கு மாத்திப் போட்டுட்டாங்க. ஒழிஞ்சுதுன்னு நெனைச்சேன்.

என் காட்டை ஏன் பிடுங்கலைன்னு நீங்களும் கேப்பீங்க. கேளுங்க. நாலு பேரு கேட்டாங்க. என் செடியெல்லாம் ஆளுசரம் வளந்து நெழல் கட்டி நின்னுது. அதைப் பிடுங்கினா என் வருசம் போயிராதா? வெளையாட்டுங்களா?

அர்த்தநாரிக்கு நான் மோட்டாரை நிறுத்தினேன். ஒண்ணுமே இல்லாத காட்டுக்குத் தண்ணி எதுக்கு? மறுபடி எதையாவது நட்டு நோயைக் கொண்டாருவான். ஒரு மாசம் பாத்தான். கையில கட்டுப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை வாசல்ல வந்து நின்னான். "அண்ணா, புள்ளை பெத்தவ இருக்கற வீட்டுல குடிக்கறதுக்காவது விடுங்க"ன்னான். முறை வரட்டும்னேன். அப்பறம் ஒரு நாளு பொண்டாட்டி புள்ளையோட திருப்பூருக்குப் போயிட்டான். சாயப் பட்டறையில வேலை. போறப்ப சட்டி பானையவிடப் பத்திரமா அந்த அரைக் கட்டுக் குச்சியத்தான் எடுத்துக்கிட்டுப் போனான்னு சொன்னாங்க. சிரிச்சேன்.

இதோட முடிஞ்சிருந்தா நான் ஏனுங்க உங்ககிட்டப் பொலம்பறேன்? அதுக்கடுத்த வருசம் ஊரு முச்சூடும் தேமல். அதுக்கு அடுத்த வருசம் அதைவிட. ஒருத்தன் காட்டுலயும் பச்சை எலை இல்ல. மில்லுல எங்கூரு வண்டின்னாலே திருப்பி விடறான். கிழங்கே வேண்டாம்னு பாதிப் பேரு சோளத்துக்குப் போயிட்டாங்க. இப்ப எல்லாவனும் என்னையக் காட்டறான். அன்னைக்கு என் பின்னால வந்து பிடுங்கினவன்தான் இன்னைக்கு, "நல்லுசாமி அண்ணன் சொல்லித்தான் செஞ்சோம்"கறான். இந்த வருச நோம்புல பரிவட்டத்தை எடுத்து வேற ஒருத்தன் தலையில கட்டிட்டாங்க. நான் தலையக் குனிஞ்சு நிக்கறேன், பூசாரி என்னைத் தாண்டிப் போறான். யோசிச்சுப் பாருங்க. ஊரு நல்லதுக்கு ஒருத்தன் பாடுபட்டதுக்கு ஊரு குடுக்கற கூலி.

புது ஆபீசர் ஒருத்தரு வந்திருக்கறாரு. "உங்க தம்பி அந்தத் தண்டை வெச்சுப் பெருக்கிட்டு இருக்காராம். எஸ்தர் மேடம் கூட இருந்து சொல்லித் தர்றாங்களாம். போய்க் கேளுங்க"ங்கறாரு. நான் போய்க் கேக்கறதா? அவன்கிட்ட? என் மக யசோதாவைத் திருப்பூர்லதான் கட்டிக் குடுத்திருக்கறேன். அவகிட்டச் சும்மா கேக்கற மாதிரிக் கேட்டேன். "ஆமாப்பா, சித்தப்பா மொட்டை மாடியில வெச்சிருக்காரு. கொசுவலை கட்டி வெச்சிருக்காரு, கொழந்தை மாதிரி பாத்துக்கறாரு. எலையில ஒரு புள்ளி இல்லப்பா"ன்னா. எங்கப்பன் காட்டு மண்ணுல வளந்த செடி. எனக்கு அதுல பங்கில்லியா?

இன்னைக்குத் திருப்பூருக்குப் போனேன். அவன் பகல் ஷிஃப்டு, வீட்டுல இருக்க மாட்டான். கலாமணி பனியன் கம்பெனிக்குப் போயிருவா. மாடிப்படி வெளிப்பக்கமா இருக்குது. ஏறிட்டேன். ஒரு பக்கத்துல பெயிண்ட் டப்பாவுல வரிசையா செடி, சும்மா வெயில்ல நிக்குது. இன்னொரு பக்கத்துல சாயப் பட்டறை டிரம்முல செடி, அதைச் சுத்தி நாலு மூலைக்கும் கொசுவலை, அடிப்பக்கம் கல்லு வெச்சு, ஒரு ஈ போக வழியில்ல. எது ஒசத்தின்னு எனக்குத் தெரியாதா? வலையைத் தூக்கிட்டு உள்ள போயி வெட்ட ஆரம்பிச்சேன்.

பாதி வெட்டறப்ப கலாமணி வந்துட்டா. கொழந்தைக்குச் சோறூட்ட மத்தியானம் வருவாளாம், அது யசோதா சொல்லல. இடுப்புல அந்தப் பொம்பளப் புள்ள. அது என்னைக் காட்டி, "யாரும்மா?"ன்னுது. அவ, "பெரியப்பா"ன்னா.

திருடன்னு கத்தியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். அவ கத்தல. "மாமா, கேட்டிருந்தீங்கன்னா அவரே குடுத்திருப்பாரு. ஊருக்குக் குடுக்கறதுக்குத்தானே வளக்கறாரு"ன்னா. நான் வெட்டறதை நிறுத்தல. உடனே மொகம் மாறிருச்சு அவளுக்கு. புள்ளையக் கீழ எறக்கி விட்டுட்டு ஓடி வந்து என் கையப் புடிக்கறா. "மாமா, அது வேண்டாங்க, அதைத் தொடாதீங்க. வலைக்குள்ள இருக்கறது சோதனைச் செடி. எஸ்தர் மேடம் நம்மூரு நோயையே கொண்டாந்து அதுல ஒட்டுக் கட்டியிருக்கறாங்க, எது தாங்குது எது தாங்கலைன்னு பாக்கறதுக்கு. எலை பச்சையாத் தெரியும் மாமா, உள்ள நோய் முழுசா இருக்குது. ஈ அதை உறிஞ்சி வெளிய கொண்டு போயிரக் கூடாதுன்னுதான் வலை. பெயிண்ட் டப்பாவுல இருக்கறதுதான் சுத்தமானது. அதுல வேணுங்கறதை வெட்டிக்கங்க, நானே வெட்டித் தர்றேன்"கறா. கண்ணுல தண்ணி.

எத்தனை நடிப்புப் பாருங்க. நோய்ச் செடியைக் கொசுவலைக்குள்ள வெச்சுட்டு, நல்ல செடியை வெயில்ல வெச்சிருக்கறாங்களாம். கேக்கறவன் கேனயன்னா என்ன வேண்ணாலும் சொல்லலாம். அவ கையத் தட்டி விட்டேன். லேசாத்தான் தட்டினேன், டிரம்முல இடிச்சு வுழுந்துட்டா. அந்தக் கொழந்தை கத்துச்சு. நான் வெட்டறதை வெட்டி எடுத்துக்கிட்டு, மிச்சம் இருந்த அடித்தண்டையும் சிதைச்சுட்டுத்தான் எறங்கினேன். ஒண்ணை விட்டு வெச்சாலும் அதைக் காட்டி மறுபடி நாற்காலியில ஏறிருவான். எறங்கற வரைக்கும் அவ சொல்லிக்கிட்டே இருந்தா. "மாமா, உங்க காட்டுல வெச்சாலும் வெய்ங்க. ஊர்ல யாருக்கும் குடுத்துறாதீங்க. உங்க கால்ல வுழறேன், யாருக்கும் குடுத்துறாதீங்க"ன்னு. இதுல இருந்தே தெரியலைங்களா? ஊருக்கு நான் குடுத்துட்டா அவனுக்குப் பேரு போயிருமில்ல? அந்த வயித்தெரிச்சல்.

குடுக்கத்தான் போறேன். நாளைக்கே ஒவ்வொரு காட்டுக்கும் ரெண்டு ரெண்டு குச்சி, என் கையால. அடுத்த நோம்புக்கு அவங்களே பரிவட்டத்தை எடுத்துக்கிட்டு வீட்டு வாசலுக்கு வருவாங்க, பாருங்க.

ஆமா, இத்தனை பேசிட்டேன், நீங்க எந்தூருன்னு கேக்கவே இல்ல. ஆத்தூரா? காடு இருக்குதுங்களா? அட, நீங்களும் குச்சிக்கிழங்குதான் போடறீங்களா! இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? அங்கயெல்லாம் தேமல் எப்படி? இன்னும் வரலையா? சுத்தமா இருக்குதா? நல்ல மனுசனுங்க நீங்க, ஒரு வார்த்தை குறுக்க பேசாம முழுசும் கேட்டீங்க. இருங்க, காலை எடுங்க, சீட்டுக்கடியில சாக்கு இருக்குது. இந்தாங்க, நல்லதாப் பாத்து நாலு குச்சி தர்றேன். ஊருக்குப் போனதும் நடுக்காட்டுல வெய்ங்க.

புடிங்க. ஏன் கையை இழுத்துக்கறீங்க? சும்மாத்தானுங்க தர்றேன்.